தேவதாருவும் தகரமும்: இமயத்துக் கூரைகள் மாறிய வரலாறு

குல்லுப் பள்ளத்தாக்கில் பழைய வீடொன்றின் கூரை ஒழுகத் தொடங்கினால், வீட்டாரின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முன்னோர் செய்தபடி தேவதாரு மரத்தைப் பிளந்தெடுத்த சிறு பலகைகளை ஓடுபோல் அடுக்கி மீண்டும் வேயலாம். மலையில் வெட்டியெடுத்த கற்பலகைகளைப் பரப்பலாம். அல்லது கடைத்தெருவில் கிடைக்கும் வண்ணம் பூசிய நெளிதகரத்தை வாங்கிவந்து சில நாள்களில் வேலையை முடித்துவிடலாம். பெரும்பாலோர் மூன்றாவது வழியையே தேர்கின்றனர். இதைக் காணும் சுற்றுலாப் பயணி, மலைமக்கள் தம் மரபைக் கைவிட்டனர் என்று வருந்துகிறார். தகரம் விற்பவரோ, காலத்துக்கேற்ற பொருள் பழையதை வென்றது என்கிறார்.

இரு கூற்றுகளும் ஒரு செய்தியைக் கணக்கில் கொள்ளவில்லை. குல்லுவிலும் காங்ராவிலும் சிம்லா மலைகளிலும் மரமும் தகரமும் ஒரே களத்தில் நின்று போட்டியிட்டதே இல்லை. தகரம் மலையேறி வருவதற்கு முன்பே, மரம் மலைமக்களின் கையிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. அதே வேளையில், தகரம் வெறுமனே திணிக்கப்பட்ட பொருளும் அன்று. ஒரே காலைப்பொழுதில் ஏறத்தாழ 20,000 உயிர்களைப் பறித்த நிலநடுக்கம் ஒன்றும் அதன் பின்னணியில் நிற்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கூரைகள் மாறிய கதை விளங்கும்.

பிளந்த பலகையின் நுட்பம்

பலகை ஓடு என்பது ஆங்கிலத்தில் ஷிங்கிள் எனப்படும் கூரைப் பொருள். மேலை இமயத்தில் இதற்கு உகந்த மரம் தேவதாரு. அதன் எண்ணெய்ப் பசை பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. நறுமணமும் அந்த எண்ணெயால் வருவதே. ஆயினும் மரம் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. பலகையை எவ்வாறு எடுத்தார்கள் என்பதே கூரையின் ஆயுளைத் தீர்மானித்தது.

வாளால் அறுத்த பலகையில் மரத்தின் நார்கள் குறுக்கே வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஒவ்வொரு நார்க்குழாயும் மழைநீரை உறிஞ்சும் வாயாகும். உளியும் கோடரியும் கொண்டு நாரின் போக்கிலேயே பிளந்த பலகையில் நார்கள் முழுமையாக இருக்கும்; நீர் அவற்றின் மீது வழிந்தோடும். இதனால்தான் பழைய தச்சர்கள் பலகை ஓட்டை அறுக்காமல் பிளந்தனர். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமாறு அடுக்கினர். கீழே சமையலடுப்பின் புகை எழுந்து கூரையின் உட்புறத்தை உலர்த்திக்கொண்டே இருந்தது. அடுப்பு எரியாத வீட்டின் கூரை விரைவில் நலியும்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. முடிச்சில்லாத, முறுக்கில்லாத, நேராக ஓங்கி வளர்ந்த முதுமரத்தின் அடிப்பகுதியே ஒழுங்காகப் பிளவுபடும். இளமரம் பயன்படாது, கோணிய மரமும் பயன்படாது. ஆகவே பலகைக் கூரை என்பது, அருகில் முதிர்ந்த காடு இருப்பதையும், அதிலிருந்து சில மரங்களைத் தெரிந்தெடுக்கும் உரிமை வீட்டாருக்கு இருப்பதையும் எடுத்துக்கொண்டே அமைந்த தொழில்நுட்பம். இவ்விரண்டும் இருக்கும்வரை அது மலிவானது. பழுதுபட்ட பலகையை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகலாம். முழுக்கூரையையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியதில்லை.

மணாலியை அடுத்த துங்ரியில், 1553ஆம் ஆண்டு ராஜா பகதூர் சிங் எழுப்பிய ஹடிம்பா தேவி கோயில் இம்மரபின் புகழ்பெற்ற சான்று. அதன் மூன்று அடுக்குக் கூரைகள் மரத்தால் வேயப்பட்டவை. உச்சியிலுள்ள கூம்பு மட்டும் உலோகத் தகட்டால் மூடப்பட்டது. கூரையில் உலோகம் என்பது ஐரோப்பியர் கொணர்ந்த எண்ணமன்று என்பதற்கு அக்கூம்பு சான்று. நீர் மிக எளிதில் புகும் உச்சிக்கு உலோகம், விரிந்த பரப்புக்கு மரம் எனப் பதினாறாம் நூற்றாண்டுத் தச்சர் இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தனர். அன்று உலோகம் அரிது, மரம் எளிது. இன்று நிலை தலைகீழ்.

காஷ்மீரில் வழக்கம் சற்று வேறு. அங்கே மரச்சட்டத்தின் மேல் பூர்ஜ மரத்தின் பட்டையைப் பல அடுக்காகப் பரப்பி, அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்தனர். பழங்காலத்தில் ஏடாகப் பயன்பட்ட அதே பட்டை, நீர் புகாத விரிப்பாகக் கூரையிலும் பயன்பட்டது. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ள, வசந்தத்தில் கூரைகள் பூத்தன. வீட்டுக் கூரைகளில் துலிப் கிழங்குகள் நடப்படுவதையும் அவை ஆண்டுதோறும் மலர்வதையும் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில் பதிந்துள்ளார். பள்ளத்தாக்கின் நிலவரித் திட்டத்தை வகுத்த வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட நூலிலும் இக்கூரைகள் இடம்பெறுகின்றன.

இந்த அழகுக்கு நடுவே அச்சமும் இருந்தது. மரநகரங்கள் எளிதில் எரிந்தன. ஸ்ரீநகரின் ஜாமா மசூதி 1479, 1620, 1674 ஆகிய ஆண்டுகளில் தீக்கிரையாகி மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டது. மரக்கூரையின் வரலாற்றை எழுதுவோர் தீயின் வரலாற்றை விட்டுவிட இயலாது.

துறைமுகத்தில் பிறந்த தகடு

நெளிதகரத்தின் பிறப்பிடம் லண்டன் துறைமுகம். அங்கு பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829ஆம் ஆண்டு நெளித்த இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கருத்து எளியது. ஒரு தாளை இரு முனையில் தாங்கிப் பிடித்தால் நடுவில் தொய்யும். அதையே விசிறிபோல் மடித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். மெல்லிய இரும்புத் தகட்டை அலையலையாக வளைத்தால், அது தன் கனத்தைப் போலப் பல மடங்கு வலிமை பெற்று, இரண்டு சட்டங்களுக்கு இடையே தொய்யாமல் கிடக்கும். தாங்குவதற்கு மரச்சட்டங்கள் மிகக் குறைவாகவே போதும்.

எனினும் வெறும் இரும்பு துருப்பிடிக்கும். 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் என்பவர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் இரும்புக்கு முன்பாகத் தான் அரிக்கப்படும் இயல்புடையது. எனவே தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைத் தேய்த்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. இவ்விரு கண்டுபிடிப்புகளும் சேர்ந்தபோது, கப்பலில் ஏற்றி உலகெங்கும் அனுப்பத்தக்க ஒரு கூரை பிறந்தது.

அனுப்பத்தக்கது என்பதே இங்கு முதன்மையான பண்பு. தகடுகள் ஒன்றன் நெளிவுக்குள் மற்றொன்று படிந்து அடங்கும். நூறு தகடுகளும் சிறிய இடத்தில் கிடக்கும். கற்பலகையோ கனமானது, வழியில் உடைவது. சுரங்கத்துக்கு அருகிலுள்ள ஊர்களுக்கே அது கட்டுபடியாகும். பலகை ஓடும் காட்டை ஒட்டிய ஊருக்கே உரியது. கூரைக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் இருந்த இந்தத் தொடர்பை முதன்முதலாக அறுத்தது தகரமே. இந்தியில் அதற்கு வழங்கும் பெயர் ‘சாதர்’, அதாவது போர்வை. எங்கோ நெய்து எங்கும் போர்த்தக்கூடிய பொருளுக்கு அது பொருத்தமான பெயரே.

காடு கைமாறியது

தகரம் கப்பலேறிய அதே காலத்தில் இமயத்துத் தேவதாருவுக்கு ஒரு புதிய பெரும் பசி எதிர்ப்பட்டது. 1853இல் தொடங்கிய இந்திய இருப்புப்பாதை 1900இல் ஏறத்தாழ 25,000 மைல் நீளத்தை எட்டியது. ஒவ்வொரு மைலுக்கும் நூற்றுக்கணக்கான மரக்கட்டைகள் தண்டவாளத்தின் அடியில் படுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றவும் வேண்டும். மருந்தேற்றாமலேயே மண்ணிலும் மழையிலும் தாக்குப்பிடிக்கும் இந்திய மரங்கள் எனப் பெருமளவில் நம்பப்பட்டவை மூன்று: தேக்கு, சால், தேவதாரு. வட இந்தியப் பாதைகளுக்கு மிக அண்மையில், ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவரத்தக்க நிலையில் இருந்தது தேவதாரு.

இவ்விடத்தில் சென்னை மாகாணத்தோடு ஓர் இணைப்பு ஏற்படுகிறது. 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் காட்டுப் பாதுகாவலராக அமர்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன், 1860களின் தொடக்கத்தில் பஞ்சாபுக்கு அழைக்கப்பட்டார். பியாஸ், ராவி, சட்லெஜ், செனாப் ஆறுகளின் மேற்பகுதிகளில் தேவதாருக் காடுகளை ஆய்ந்து, பஞ்சாப் மற்றும் மேலை இமயக் காடுகள் பற்றிய அறிக்கையை 1864இல் வெளியிட்டார். அதே ஆண்டில் தீத்ரிச் பிராண்டிஸ் இந்தியக் காடுகளின் தலைமை ஆய்வாளரானார். அதே ஆண்டில் சம்பா, புஷஹர் ஆகிய மலைச் சமஸ்தானங்களின் காடுகள் பிரித்தானிய அரசுக்குக் குத்தகைக்கு வந்தன. 1865இல் முதல் காட்டுச் சட்டமும், 1878இல் அதனினும் கடுமையான சட்டமும் இயற்றப்பட்டன.

இருப்புப்பாதைக் கட்டைக்கு வேண்டியதும் பலகை ஓட்டுக்கு வேண்டியதும் ஒரே மரம் என்பது கருதத்தக்கது. நேரான நார் கொண்ட, முதிர்ந்த, நோயற்ற தேவதாருவையே இரண்டும் கேட்டன. கிராமத்தார் தம் கூரைக்கெனக் காலங்காலமாகத் தெரிந்தெடுத்த மரங்களே அரசின் பதிவேட்டில் முதல்தர மரங்களாக எண்ணிடப்பட்டன. அவர்கள் அம்மரத்தை வீணாக்குகின்றனர் என்று அதிகாரிகள் குறைகூறினர். கோடரியால் பிளக்கும்போது மரத்தின் பெரும்பகுதி சிதறிப் போகிறது. வாளால் அறுத்தால் கூடுதல் பலகை கிடைக்கும் என்பது அவர்களின் கணக்கு. அளவின் நோக்கில் அது சரியான கணக்கே. பிளந்த பலகை நீண்ட நாள் நிற்கும் என்பது அந்தக் கணக்கின் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை.

முழுமையாகத் தடைவிதித்தால் மலை கொந்தளிக்கும் என்பதை அரசு உணர்ந்திருந்தது. ஆகவே குல்லு போன்ற பகுதிகளில் 1880களில் காடுகளுக்கு எல்லை வரையப்பட்டபோது, நிலவரி செலுத்தும் குடிகள் வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் சலுகை விலையில் மரம் பெறலாம் என்ற உரிமை ஏற்கப்பட்டது. இமாசலத்தில் இன்றும் ‘டி.டி. உரிமை’ என்ற பெயரில் வழங்குவது இதன் வழிவந்ததே. ஆனால் உரிமை என்பதன் பொருள் மாறிவிட்டது. முன்பு ஊரார் தாமே சென்று மரத்தைத் தெரிந்தெடுத்தனர். இப்போது விண்ணப்பம் எழுதி, காவலர் வந்து குறியிடும் மரத்தைப் பெற்றனர். குறியிடப்படும் மரம் நன்றாகப் பிளவுபடும் மரமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. கூரை ஒழுகும் காலமும் கோப்பு நகரும் காலமும் ஒன்றாக அமைவதும் அரிது.

பலகைக் கூரையின் சரிவு இங்கேதான் தொடங்குகிறது. தச்சரின் கைத்திறன் குறைந்ததால் அது வீழவில்லை. அந்தத் திறனுக்கு ஏற்ற மரம் கைக்கு வராமற்போனதால் திறனும் மெல்லத் தேய்ந்தது.

சிம்லாவின் செந்நிறக் கூரைகள்

1864இல் பிரித்தானிய இந்தியாவின் கோடைத் தலைநகரான சிம்லா, குறுகிய காலத்தில் செங்குத்தான சரிவுகளில் அடர்ந்து வளர்ந்தது. மாளிகைகள், அலுவலகங்கள், கடைவீதி, பணியாளர் குடியிருப்புகள் என அனைத்துக்கும் கூரை வேண்டும். தொடக்ககாலப் பங்களாக்களில் மரமும் புல்லும் மண்ணும் பயன்பட்டன. நெருக்கமான மலைக்கடைவீதியில் ஒரு வீட்டின் தீப்பொறி அடுத்த வீட்டின் பலகைக் கூரையில் விழுந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பறந்துவரும் பொறிக்குத் தகரம் எரியாது என்பது நகராட்சிகளுக்கு ஏற்புடைய வாதமாக இருந்தது.

அக்காலத்தில் தகடுகள் சமவெளியிலிருந்து மாட்டுவண்டியிலும் கோவேறு கழுதையிலும் மலையேறின. 1903இல் கால்கா - சிம்லா இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அந்தச் சுமையும் எளிதாயிற்று. தேவதாருவைக் காட்டிலிருந்து இழுத்துச்சென்ற அதே இருப்புப்பாதைப் பெருவலை, தகரத்தை மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. துரு பிடிக்காதிருக்கத் தகரங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பூசப்பட்டன. காலப்போக்கில் அந்த நிறங்களே மலைநகரின் அடையாளமாயின.

பின்னாளில் சிம்லாவின் கட்டட விதிகளே, சாய்ந்த கூரை மலைக் கட்டடத்தின் இன்றியமையாத கூறு என்றும், அது நெளிதகரமாகவோ கற்பலகையாகவோ இருக்கலாம் என்றும், வண்ணம் அஞ்சற்பெட்டிச் சிவப்போ காட்டுப்பச்சையோ ஆகலாம் என்றும் வகுத்தன. வேற்றுநாட்டுத் துறைமுகத்தில் பிறந்த ஒரு பொருள், நூறாண்டு கடந்தபின் மலையின் மரபாகவே சட்டத்தில் ஏறிவிட்டது.

தகரக் கூரை தீயை முற்றாகத் தடுத்ததா என்றால், இல்லை. அயல்வீட்டுப் பொறியைத் தடுத்தது. வீட்டுக்குள் தோன்றும் தீயை அதனால் தடுக்க இயலவில்லை. ஒருகாலத்தில் வைசிராய்கள் வாழ்ந்த பீட்டர்ஹாஃப் மாளிகை 1981இல் எரிந்தது. 2014இல் கோர்ட்டன் காசில் கட்டடத்தின் மேல்தளங்கள் எரிந்தன. தளமும் படிக்கட்டும் உட்சுவரும் மரமாக இருக்கும்போது, கூரைப் பொருளை மட்டும் மாற்றுவது பாதித் தீர்வே.

1905 ஏப்ரல் 4

கூரையைப் பற்றிய பேச்சில் விலை, அழகு, ஒழுக்கு ஆகியவை வரும். எடை பெரும்பாலும் வருவதில்லை. எடையைப் பேசவைத்தவை இரண்டு நிலநடுக்கங்கள்.

முதலாவது, 1897 ஜூன் 12 அன்று அசாமிலும் மேகாலய மலைகளிலும் நிகழ்ந்த பெருநடுக்கம். ஷில்லாங்கில் கல்லால் கட்டிய கட்டடங்கள் சரிந்தன. அதன்பின் அங்கே பரவியதே ‘அசாம் வகை’ வீடு: மரச்சட்டம், நாணல் வேய்ந்து சாந்து பூசிய மெல்லிய சுவர், மேலே தகரக் கூரை. ஆட்டம் வந்தால் வளைந்துகொடுக்கும் உடலும், விழுந்தாலும் நசுக்காத தலைமூடியும் சேர்ந்த அமைப்பு அது.

இரண்டாவது, காங்ராப் பள்ளத்தாக்கில் 1905 ஏப்ரல் 4 அன்று, விடியற்காலையில் மக்கள் இன்னும் வீட்டுக்குள் இருந்த வேளையில் நிகழ்ந்தது. தர்மசாலா, காங்ரா, பாலம்பூர் ஆகிய ஊர்கள் சிதைந்தன. காங்ராக் கோட்டையும் வஜ்ரேஸ்வரி கோயிலும் இடிந்தன. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பள்ளத்தாக்கின் வீடுகள் பல, வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கற் சுவரின் மீது கற்பலகைக் கூரை சுமந்தவை. சுவர் தளர்ந்தவுடன் கூரை முழுவதும் உள்ளே விழுந்தது.

அந்தக் கூரையின் சுமையைக் கணக்கிடுவது கடினமன்று. கற்பலகையின் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ எடையுள்ளது. ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள பலகைகளை இரட்டை அடுக்காக வேய்ந்தால் சதுர மீட்டருக்கு 54 கிலோ ஆகிறது. 60 சதுர மீட்டர் கூரையுள்ள சிறு வீட்டின் தலைமேல் மூன்று டன்னுக்கும் மேற்பட்ட கல் நிற்கிறது. பதினைந்து சென்டிமீட்டர் மண் பரப்பிய கூரையாயின், உலர்ந்த நிலையிலேயே பதினான்கு டன் வரும். மழையிலும் பனியிலும் இன்னும் கூடும். அதே வீட்டுக்கு நெளிதகரம் போட்டால் தகட்டின் எடை ஏறத்தாழ 300 கிலோ மட்டுமே. காங்ராவின் இடிபாடுகளிலிருந்து உறவினரைத் தோண்டியெடுத்தோர்க்கு இந்தக் கணக்கை எவரும் எழுதிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு திருத்தமும் தேவை. கனத்த கூரை மட்டுமே கொலையாளி என்று முடிவுகட்டினால் அது பாதி உண்மையே ஆகும். குல்லுவில் பியாஸ் ஆற்றின் மேலே நிற்கும் நகர் கோட்டை கற்பலகைக் கூரை சுமப்பது. 1905 நடுக்கத்தை அது தாங்கி நின்றது. அதன் சுவர் ‘காட்-குனி’ முறையில் அமைந்தது. ‘காட்’ என்றால் மரம், ‘குனி’ என்றால் மூலை. தேவதாருச் சட்டங்களையும் உலர்கல் வரிசைகளையும் மாறிமாறி அடுக்கி, மூலைகளில் மரச்சட்டங்களை ஒன்றோடொன்று பிணைப்பர், சாந்து இல்லை. நிலம் ஆடும்போது கற்கள் சற்றே நகர்ந்து மீளும். மரப்பிணைப்பு சுவரைப் பிரியவிடாது. கனமான கூரை அத்தகைய சுவரை அழுத்தி நிறுத்துகிறது. அதே கூரை பிணைப்பற்ற பச்சைச் செங்கலின் மேல் இருந்தால் உயிர்கொல்லி ஆகிறது.

ஆனால் காட்-குனிச் சுவருக்கும் தேவதாருவே வேண்டும். மரம் கிடைக்காதபோது மக்கள் சுவரில் மரத்தைக் குறைத்தனர். கூரையின் கனத்தை முன்போலவே வைத்தனர். காட்டுரிமையின் வரலாறும் நிலநடுக்கத்தின் வரலாறும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. மரம் மெலிந்த சுவருக்குத் தகரமே ஏற்ற கூரை என்ற நிலையில், அதைத் தேர்ந்தவர்களைக் குறைசொல்ல இயலாது.

ஒட்டாவா வரை நீண்ட கூரை

தகரம் ஏற்றவுடன், மலைவீட்டின் கூரை உலகச் சந்தையோடு கட்டப்பட்டது. இந்தியாவில் விற்ற தகடுகளில் பெரும்பங்கு நெடுங்காலம் பிரித்தானியாவிலிருந்து வந்தது. ஜம்ஷெட்பூரில் உருக்கு உற்பத்தி வளர்ந்தபின், உள்நாட்டுத் தொழிலைக் காக்க 1924இல் சட்டம் இயற்றி இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. துத்தநாகம் பூசிய தகடும் அந்தக் காப்பு வரிக்குள் வந்தது.

1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரித்தானியப் பேரரசு நாடுகள் கூடி வணிக ஒப்பந்தங்கள் செய்தன. அதன் தொடர்ச்சியாக, இந்திய உருக்குப் பாளங்களைக் கொண்டு பிரித்தானியாவில் செய்த பூச்சுத் தகடுகள் இந்தியாவுக்குத் திரும்பும்போது அவற்றுக்குக் குறைந்த வரி என்று முடிவாயிற்று. இந்தியக் கனிமத்திலிருந்து பிறந்த உருக்கு கடல் கடந்து, தகடாகி, மீண்டும் கடல் கடந்து இமயத்தில் கூரையானது. காட்டுக்குச் சென்று மரத்தைத் தட்டிப் பார்த்துக் கூரைக்குப் பலகை பிளந்த குடியானவரின் பேரன், தன் கூரையின் விலை தீர்மானிக்கப்படும் இடத்தை நிலப்படத்தில் தேட வேண்டியிருந்தது.

விடுதலைக்குப்பின் சாலைகள் பெருகின. உள்நாட்டு ஆலைகளும் பெருகின. தகரம் எட்டாத ஊர்களுக்கும் எட்டியது. மாலானா போன்ற நெருக்கமான மரக்கிராமங்களில் பெருந்தீ மூண்டபோது மாற்றம் இன்னும் விரைந்தது. அக்கிராமத்தின் பெரும் பகுதி 2008 ஜனவரியில் எரிந்தது. 2021 அக்டோபரில் மீண்டும் தீ வந்தது. ஒரே இரவில் வீடிழந்தோர் அடுத்த பனிக்கு முன் தலைக்கு மேல் ஏதாவது வேண்டும் என்ற நிலையில் இருப்பர். அப்போது மரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது எளிதன்று. சரக்குந்தில் வந்திறங்கும் தகரமே கைக்கு எட்டும்.

புதிய கூரையின் புதிய தொல்லைகள்

தகரத்தின் கீழ் வாழ்வோர் அதன் குறைகளையும் நன்கறிவர். வெயிலில் அது விரைவில் சூடேறும். இரவில் விரைவில் குளிரும். பலகை ஓடும் கற்பலகையும் பனியைத் தாங்கிக்கொள்ள, அந்தப் பனியே போர்வையாகி உட்சூட்டைக் காத்தது. தகரத்தில் பனி நிற்காது. திடீரெனப் பாளமாக வழுக்கி விழும். கூரைக்கு அது நன்மை. கீழே நடப்பவருக்கு ஆபத்து. மழையின் இரைச்சலில் வீட்டுக்குள் பேச்சு கேளாது. உள்ளே எழும் நீராவி குளிர்ந்த தகட்டின் அடியில் பட்டு நீர்த்துளியாகச் சொட்டும். ஒழுகாத கூரையிலும் கட்டில் நனையும்.

இவை தீர்க்க முடியாத குறைகள் அல்ல. தகட்டின் அடியில் பலகைத் தளமோ வெப்பத்தடுப்பு விரிப்போ அமைத்து, இடையில் காற்றோட்டம் விட்டால் சூடும் இரைச்சலும் சொட்டலும் பெரிதும் குறையும். ஆணியை நெளிவின் பள்ளத்தில் அடிக்காமல் முகட்டில் அடித்து, அடியில் வளையம் வைத்தால் ஒழுக்கு குறையும். காற்று தூக்கிச் செல்லாதிருக்கச் சட்டத்தோடு கொக்கிப் போல்ட்டால் பிணைக்க வேண்டும். எடை குறைந்த கூரைக்கு நிலநடுக்கம் நண்பன், புயற்காற்று பகைவன். ஆயினும் இந்த அடித்தளங்களுக்கும் பணம் வேண்டும். மலிவு என்பதற்காகத் தகரத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தகட்டோடு நின்றுவிடுகின்றனர்.

இதற்கிடையே ‘ஷிங்கிள்ஸ்’ என்ற பெயர் இந்தியக் கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. கேரளத்தின் சாய்தளக் காங்கிரீட் வீடுகளிலும் மலை விடுதிகளிலும் ஒட்டப்படும் இவை மரமல்ல. கண்ணாடி இழைப் பாயில் நிலக்கீல் தோய்த்து, மேலே கல்துகள் தூவியவை. தொலைவிலிருந்து பார்த்தால் பலகை ஓடுபோலவும் கற்பலகைபோலவும் தோன்றும். ஓட்டுவடிவில் அழுத்திய தகரமும் வந்துவிட்டது. பிளந்த தேவதாரு கைக்கெட்டாத காலத்தில், அதன் தோற்றம் மட்டும் பிரதியெடுத்து விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

தேர்வு யாருடையது

கூரையைத் தேர்வது தனிவீட்டின் விருப்பம் போலவே தோன்றும். இமயத்தின் வரலாறு காட்டுவது வேறு. வீட்டார் கடைக்குச் செல்லும் முன்பே, எந்தக் காட்டில் யார் மரம் எடுக்கலாம் என்பதை ஒரு சட்டமும், எந்தத் தகட்டுக்கு எவ்வளவு வரி என்பதை ஓர் ஒப்பந்தமும், எந்த நிறம் பூசலாம் என்பதை ஒரு விதியும் முடிவுசெய்திருக்கின்றன. எஞ்சிய சிறு இடைவெளியில்தான் வீட்டாரின் தேர்வு நிகழ்கிறது.

ஆகவே தகரக் கூரையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இந்த வீட்டின் சுவர் எவ்வளவு கனத்தைத் தாங்கும்? இந்த ஊருக்கு முதிர்ந்த தேவதாரு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கிறது? அதைப் பிளக்கத் தெரிந்த தச்சர் எஞ்சியிருக்கிறாரா? அயல்வீடு எத்தனை அடி தொலைவில் உள்ளது? இவற்றுக்கு விடை சாதகமாக இருக்கும் இடங்களில் பலகை ஓடு இன்றும் நல்ல கூரையே. விடை பாதகமாக உள்ள இடத்தில் அதை வலியுறுத்துவது, காட்சிக்காகப் பிறர் தலையில் சுமையேற்றுவதாகும்.

மரபைக் காக்க விரும்பும் அரசு செய்யத்தக்கதும் இதிலிருந்தே தெளிவாகிறது. கூரையின் நிறத்தை விதியால் காப்பது எளிது. நேரான முதுமரங்கள் தொடர்ந்து வளரும் காட்டை ஊரோடு சேர்ந்து பேணுவதும், கூரை ஒழுகும் பருவத்துக்குள் மரம் கைக்கு வருமாறு உரிமையை நடைமுறைப்படுத்துவதும், பிளக்கும் தொழிலுக்கு வேலை தருவதும் கடினம். 1553இல் துங்ரியில் வேலை செய்த தச்சர்களுக்கு மரமும் உலோகமும் எதிரிகளாக இருக்கவில்லை. எது எங்கே வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. மலைவீடுகள் இழந்தவற்றுள் பெரியது அந்த உரிமையே.